கையெழுத்துப் போடும் முன்: பார்க்கின்சன் ஆய்வுகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் பற்றித் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஆஸ்பத்திரியில் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? அவற்றில் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

அப்பாவுக்கு 67 வயது. பார்க்கின்சன் என்று சொல்லி நாலு வருஷம் ஆகிறது. நரம்பு டாக்டர் ஒரு ரிசர்ச்சில் சேர்கிறீர்களா என்று கேட்டார். அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று அண்ணன் குதிக்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

என்ன மாதிரி ரிசர்ச் என்று அண்ணனும் கேட்கவில்லை, நீங்களும் எழுதவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரு வகை வெறும் கவனிப்பு ஆய்வு. புதிய மருந்து எதுவும் தர மாட்டார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வரச் சொல்லி நடை, கைவேகம், ஞாபகம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், சுரண்டி முகரும் அட்டைகளைக் கொடுத்து 40 வாசனைகளைச் சொல்லச் சொல்வார்கள். நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே மூக்கு மந்தமாவது இந்த நோயில் சகஜம், அதனால்தான் அந்தச் சோதனை. சில ஆய்வுகளில் முதுகுத்தண்டு நீரும் எடுப்பார்கள். ஊசி போட்ட இடத்தில் வலியும் ஓரிரு நாள் தலைவலியும் வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகை மருந்தாய்வு. முதல் கட்டத்தில் சிலரிடம் மட்டும் கொடுத்து மருந்து உடம்புக்கு ஆகுமா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் எந்த அளவு சரி, பலன் தெரிகிறதா என்பது. மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கானவர்களிடம். எந்தக் கட்டம் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எதிர்பார்ப்பை எவ்வளவு வைக்கலாம் என்பதற்குச் சில நடந்த கதைகள். எக்ஸெனடைட் என்ற நீரிழிவு ஊசி 2017இல் 60 பேர் அளவிலான சிறிய ஆய்வில் நல்ல அறிகுறி காட்டியது. நோயாளிகள் பலர் அதைக் கேட்டு டாக்டர்களை நச்சரித்தார்கள். பிரிட்டனில் 194 பேரிடம் 96 வாரம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது: நோயின் வேகம் குறையவில்லை. கிரியாட்டின் என்ற துணைச்சத்தை நாளுக்கு 10 கிராம் வீதம் 1,741 பேருக்கான ஆய்வில் சோதித்தார்கள்; பலன் இல்லை என்று 2013இல் நிறுத்தினார்கள். கோஎன்சைம் கியூ10-க்கும் 2011இல் அதே கதி, அதுவும் நாளுக்கு 2,400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த பிறகு. மூளையில் சேரும் இரும்பை எடுக்கும் டெஃபெரிப்ரோனில் மருந்து சாப்பிட்டவர்களின் நிலை, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமானது. அது 2022இல் வெளியானது. லிக்சிசெனடைட் என்ற இன்னொரு நீரிழிவு ஊசி 156 பேரிடம் ஓரளவு நல்ல பலன் காட்டியது, 2024இல். ஆனால் குமட்டலும் வாந்தியும் நிறைய.

இதுவரை எந்த மருந்தும் பார்க்கின்சன் நோயின் ஓட்டத்தைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஆகவே அப்பா குணமாவார் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள். வழக்கமான வைத்தியம் ஒரு பக்கம், ஆய்வு ஒரு பக்கம். சேர மறுத்தால் ஆஸ்பத்திரி வைத்தியம் குறையாது, குறைக்கவும் கூடாது. இதையும் தெரிந்து அப்பாவே விரும்பினால் அண்ணன் தடுக்க வேண்டியதில்லை. எலியிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. ஸ்டெம் செல் ஆய்வாம், இடம் குறைவாம், முன்பணம் கட்டினால் பெயர் பதிவாம். நம்பலாமா? (வாசகர், பீனிக்ஸ்)

வேண்டாம். பங்கேற்பவரிடம் பணம் கேட்கும் மருந்தாய்வு ஆய்வே இல்லை, வியாபாரம்.

உண்மையானதைச் சரிபார்க்க மூன்று வழி உண்டு. தென்னாப்பிரிக்காவில் மருந்தாய்வுக்கு சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும் (2018 முதல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டு மன்றத்தின் வேலையைச் செய்வது அதுதான்). தேசிய மருந்தாய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கு டி.ஓ.எச்.-27 என்று தொடங்கும் எண் இருக்கும். பதிவு செய்யப்பட்ட நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதலும் இருக்க வேண்டும். டர்பன் பக்கம் பெரும்பாலும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் உயிரிமருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுதான். படிவத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தக் குழுவின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். தயங்காமல் கூப்பிட்டு ஆய்வின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணே கொடுக்காதவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் பேசினால் புரியும், வாசிக்க வராது. 24 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா? (வாசகர், டோங்காட்)

கூடாது. 2003ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, ஆய்வின் நோக்கத்தையும் உடம்புக்கு வரக்கூடிய நன்மை தீமையையும் சொல்லி விளக்கிய பிறகு, அந்த நபரே எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும் என்கிறது. அம்மாவுக்குப் புரியும் திறன் இருக்கும்வரை கையெழுத்து அம்மாவுடையது. வாசிக்க வராதவர்களுக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கையொப்பமோ ரேகையோ வாங்கலாம். தமிழில் விளக்க ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: பிள்ளைகள் ஆபத்துப் பகுதியை மெல்லத் தாண்டிவிடுவார்கள், அம்மா பயப்படுவாள் என்று.

அன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போக உரிமை உண்டு. 24 பக்கத்தில் பென்சிலால் கோடு போட வேண்டிய இடங்கள் இவை.

எத்தனை தடவை வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம். போலி மாத்திரைப் பிரிவில் விழ எவ்வளவு வாய்ப்பு. இரண்டில் ஒன்றா, மூன்றில் ஒன்றா. இப்போது சாப்பிடும் மாத்திரையை மாற்றச் சொல்வார்களா. நேரம், சிரமம், செலவு மூன்றுக்கும் ஈட்டுத்தொகை எவ்வளவு, ரொக்கமா வங்கியிலா. டோங்காட்டிலிருந்து டர்பனுக்கு டாக்ஸியில் வர அம்மாவால் முடியாவிட்டால் வண்டி அனுப்புவார்களா என்பதும் இதில்தான் வரும். கேட்டால் பல குழுக்கள் அனுப்புகின்றன, கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.

பிறகு காப்பீட்டுப் பத்தி. ஆய்வு மருந்தால் உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியச் செலவை ஆய்வு நடத்தும் நிறுவனத்தின் காப்பீடு ஏற்கும் என்று தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் மெடிக்கல் எய்ட் (சொந்த மருத்துவக் காப்பீடு) அதைக் கட்டும் என்று எண்ண வேண்டாம். பார்க்கின்சன் தானாகவே முற்றுவதால் வரும் கேடு இந்தக் காப்பீட்டில் சேராது என்றும் எழுதியிருக்கும்.

கடைசியாக, ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா. பெரும்பாலும் கிடைக்காது. ஒரு வருஷம் நன்றாக இருந்துவிட்டு மருந்து நின்றுபோவது சின்ன விஷயம் இல்லை. இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் கணவரை இரண்டு தடவை வரவழைத்து எல்லாம் பார்த்துவிட்டு, தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஒரே மனவருத்தம். (வாசகி, மெரிபாங்க்)

இது அவர் குறை அல்ல. பொதுவான காரணங்கள்: மாத்திரை அளவு கடைசி நாலு வாரத்துக்குள் மாறியிருப்பது, ஞாபகச் சோதனையில் மதிப்பெண் குறைவது, நோய் மிக முற்றியிருப்பது அல்லது மிக ஆரம்பத்தில் இருப்பது, மூளையில் கம்பி வைத்த அறுவை சிகிச்சை முடிந்திருப்பது, ஈரல் ரத்தச் சோதனை சரியில்லாதது.

இன்னொன்றும் உண்டு. மருத்துவர்கள் ஆரம்பநிலைப் பார்க்கின்சன் என்று முடிவு செய்து ஒரு பெரிய ஆய்வில் சேர்த்தவர்களில் 142 பேருக்கு டோபமின் (இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் ரசாயனம்) ஸ்கேன் எடுத்தபோது 21 பேருக்கு ஸ்கேன் இயல்பாக இருந்தது. முடிவு 2004இல் வந்தது. அவர்களில் பலருக்கு இருந்தது வேறு நடுக்கமாக இருக்கலாம். அதன் பிறகு பல ஆய்வுகள் ஸ்கேன் பார்த்தே சேர்க்கின்றன. உங்கள் கணவரின் ஸ்கேன் இயல்பாக இருந்து அதனால் அனுப்பினார்கள் என்றால் அது கெட்ட செய்தியே இல்லை. காரணத்தை எழுதி வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரை போடாமல் வரச் சொல்கிறார்கள். மாத்திரை இல்லாவிட்டால் அவர் கட்டிலிலிருந்தே எழ முடியாதே? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா உடம்பில் இருக்கும்போது நோயின் உண்மை அளவு மறைந்துவிடும். ஆகவே 12 மணி நேரம் இடைவெளி விட்டு, மருந்தின் பலன் இறங்கிய 'ஆஃப்' நிலையில் பார்ப்பார்கள். காலை 8 மணிக்குச் சந்திப்பு என்றால் கடைசி மாத்திரை முந்தின இரவு 8 மணிக்கு. சினமெட், மடோபார், கார்பிலெவ் என்ற லெவோடோபா மாத்திரைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மெல்லக் கரையும் வகைகளுக்கும் பிற மாத்திரைகளுக்கும் வேறு இடைவெளி இருக்கும். குழு எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் நாள் இரவே குளித்து, காலையில் போடும் உடைகளை எடுத்து வையுங்கள். பொத்தான் இல்லாத சட்டை, நாடா இல்லாத செருப்பு. அவர் வண்டி ஓட்டக் கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் என்றால் என்3 நெடுஞ்சாலை நெரிசலுக்கு அரை மணி கூடுதலாக வையுங்கள். தாமதமானால் 'ஆஃப்' நேரம் நீளும், கஷ்டம் அவருக்கு. வழக்கமான காலை மாத்திரையையும் ஒரு ரொட்டியையும் பையில் எடுத்துப் போங்கள். பரிசோதனை முடிந்ததும் அங்கேயே போடலாம்; 30 முதல் 60 நிமிடத்தில் உடம்பு திரும்பும். பிறகு மருந்து வேலை செய்யும் 'ஆன்' நிலையில் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள்.

பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பத்துத் தடவை தட்டச் சொல்வார்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்வார்கள். பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்து, விழாமல் நிற்கிறாரா என்று பார்ப்பார்கள், பிடிக்கத் தயாராக நின்றபடிதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 33 மதிப்பெண் கூட்டினால் அதிகபட்சம் 132. கூடினால் நோய் கூட என்று அர்த்தம். சிலர் டாக்டருக்கு முன்னால் தைரியமாகத் தெரிய வேண்டும் என்று பல்லைக் கடித்துச் செய்து காட்டுவார்கள். அங்கே வேண்டியது உள்ளபடி உள்ளது.

ஒரு எச்சரிக்கை: ஒரு இரவு இடைவெளி வேறு, சொந்தமாக நாள்கணக்கில் நிறுத்துவது வேறு. திடீரென்று முழுவதுமாக நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரை மணிக்கு ஒரு கட்டம் நிரப்பச் சொல்லி ஒரு டயரி தந்திருக்கிறார்கள். ஆயாவுக்கு எதைப் போடுவது என்றே தெரியவில்லை. (பேத்தி, வெருலம்)

ஒரு நாளைக்கு 48 கட்டம். தூக்கம், 'ஆஃப்', நெளிவு இல்லாத 'ஆன்', தொந்தரவு தராத நெளிவோடு 'ஆன்', தொந்தரவு தரும் நெளிவோடு 'ஆன்' என்று ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பெரும் குழப்பம் நடுக்கத்துக்கும் நெளிவுக்கும் இடையில்தான். நடுக்கம் ஒரே தாளத்தில் வரும்: கை சும்மா இருக்கும்போது மாத்திரை உருட்டுவது போல. நெளிவுக்குத் தாளம் இல்லை. உடம்பு பாட்டுக்கு ஆடுவது போல வளையும், பேசும்போது கூடும், பெரும்பாலும் மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது வரும். நடுக்கம் வருவது மருந்து போதாததால், நெளிவு வருவது மருந்து மிஞ்சுவதால். தலைகீழாகக் குறித்தால் ஆயாவுக்கு மருந்து கூட்டப்பட வேண்டிய இடத்தில் குறைக்கப்படும்.

அடுத்த தவறு, ராத்திரி உட்கார்ந்து நாள் முழுவதையும் ஞாபகத்திலிருந்து நிரப்புவது. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். விட்டுப்போன கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பியதைவிட வெற்றுக் கட்டம் மேல். நீங்கள் எழுதலாம், ஆனால் தீர்ப்பு ஆயாவுடையது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலி சூரணம் சாப்பிடுகிறேன். புரட்டாசியும் வருகிறது, விரதம் இருப்பேன். இதையெல்லாம் ஆய்வுக்காரர்களிடம் சொல்ல வேண்டுமா? (வாசகர், இசிபிங்கோ)

இரண்டையும் சொல்ல வேண்டும், சூரணத்தை முதலில். பூனைக்காலி விதையில் இருப்பது வேறெதுவும் அல்ல, லெவோடோபாவேதான். எடையில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம். ஐந்து கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டியில் 200 முதல் 300 மில்லிகிராம். ஆஸ்பத்திரி மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா இதில் இல்லாததால் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன்பே உடைந்துவிடும், குமட்டல் கூடும். வேலை செய்யாது என்று நாம் சொல்லவில்லை. பொலிவியாவில் 18 பேரிடம் ஒருவேளை அளவாகக் கொடுத்து முறையாகச் சோதித்து, 2017இல் நல்ல முடிவு வெளியிட்டார்கள். சிக்கல் வேறு. கடைச் சூரணத்தில் ஒரு பொட்டலத்துக்கும் மறு பொட்டலத்துக்கும் அளவு மாறும். நீங்கள் ஒளித்துச் சாப்பிட்டால் உங்கள் 'ஆஃப்' மதிப்பெண் பொய்யாகும், நெளிவு வந்தால் பழி ஆய்வு மருந்தின் மேல் விழும். 'மருந்து இல்லையே, மூலிகைதானே' என்று விட்டுவிடுவது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். பொட்டலத்தையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

விரதம் இருக்கலாம், மாத்திரையோடு. லெவோடோபாவைத் தண்ணீரோடு சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ போட்டால் நன்றாக ஏறும். இறைச்சி விட்டாலும் பருப்பு, சோயா, பனீர், தயிர் எல்லாம் புரதம்தான். மாத்திரையோடு குடலில் போட்டி போடும். ஒருவேளை சாப்பாட்டுக்காரர்கள் அந்த ஒரு வேளையில் பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு, அந்த மாலை முழுக்க 'ஆஃப்'பில் கிடப்பார்கள். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி இடைவெளி. தண்ணீரைக் குறைக்காதீர்கள்: மலச்சிக்கல் கூடும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். விரதத் தேதிகளைக் குழுவிடம் கொடுத்தால் பெரும்பாலும் சந்திப்பை நகர்த்தித் தருவார்கள்.

பார்மசி மருந்துகளும் இதில் சேர்த்தி. வாந்திக்கு மேக்ஸலோன், தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில் இரண்டுமே டோபமினைத் தடுத்துப் பார்க்கின்சனைக் கூட்டும். ரசாஜிலின், செலிஜிலின் வகை சாப்பிடுகிறவர்கள் டிராமடோல் வலி மாத்திரையையும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தையும் தொடக் கூடாது. ஆய்வுக்குழு தரும் அடையாள அட்டையைப் பர்ஸில் வையுங்கள். அவசரப் பிரிவில் மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேசுவது அதுதான். ஆய்வு மருந்து ஊசி என்றால் இன்னொரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டுமா, மின்வெட்டில் பிரிட்ஜ் நின்றால் என்ன செய்வது.

அப்பாவின் நடுக்கம் மூன்றே வாரத்தில் பாதி குறைந்துவிட்டது. அவருக்கு நிஜ மருந்துதான் விழுந்திருக்கிறது, இல்லையா? (வாசகர், லெனேசியா)

தெரியாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையே பார்க்கின்சன் மூளையில் டோபமினைச் சுரக்க வைக்கும் என்று 2001இலேயே ஸ்கேனில் காட்டிவிட்டார்கள். 2015இல் 12 பேருக்கு வெறும் உப்பு நீரையே இரண்டு தடவை போட்டு, ஒன்றின் விலை 100 டாலர், மற்றது 1,500 டாலர் என்றார்கள். விலை கூடிய உப்பு நீர் அதிகமாக வேலை செய்தது! யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலி என்ற மறைப்பை உடைக்கப் பார்க்காதீர்கள், மாத்திரையைக் கடித்து ருசி பார்ப்பது உட்பட.

அண்ணனுக்குப் பி.எஸ்.பி. என்கிறார்கள். பார்க்கின்சன் ஆய்வில் சேர்க்க மறுக்கிறார்கள். (வாசகி, ஸ்டாங்கர்)

மறுப்பது சரிதான். அது வேறு நோய், முழுப்பெயர் புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி. பார்க்கின்சனில் மூளையில் தங்குவது ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம், பி.எஸ்.பி.யில் டாவ். ஆரம்பத்திலேயே பின்பக்கமாக விழுவது, கண்ணைக் கீழே இறக்க முடியாமல் போவது, லெவோடோபாவுக்கு அதிகம் அசையாதது எல்லாம் அதன் அடையாளம். டாவுக்கு எதிரான இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகள் பெரிய ஆய்வுகளில் தோற்றன. ஆனாலும் தேடல் நிற்கவில்லை. பதிவேட்டில் பி.எஸ்.பி. என்ற பெயரிலேயே தேடுங்கள், எம்.எஸ்.ஏ. (பார்க்கின்சன் போலத் தெரியும் இன்னொரு நோய்), டிஸ்டோனியா (தசை முறுக்கிக்கொள்வது), பரம்பரை நடுக்கம் ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான். இந்த நோய் வேகமாகப் போகும், ஆகவே விசாரிப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள். எல்லாச் சந்திப்புக்கும் கூடவே வந்து, வீட்டில் எத்தனை தடவை விழுந்தார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அது நீங்களா, அண்ணியா என்று சேருமுன் முடிவு செய்யுங்கள். பாதியில் ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும்.

மரபணு ஆய்வுக்கு ரத்தம் கேட்கிறார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்புவார்களாம். கொடுக்கலாமா? (வாசகர், கேப் டவுன்)

கொடுப்பதில் உடம்புக்குக் கேடு இல்லை: ஒன்றிரண்டு குழாய் ரத்தம், அல்லது எச்சில். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் மரபணு வேலை பல வருஷமாக நடக்கிறது. 2019இல் தொடங்கிய ஜி.பி.2 என்ற உலகளாவிய திட்டம் இதுவரை விடுபட்ட மக்களின் மாதிரிகளைச் சேர்க்கிறது. ஐரோப்பியர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன தவறும் என்பதற்கு 2023 ஒரு சாட்சி: ஜி.பி.ஏ.1 மரபணுவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலாக உள்ள, பார்க்கின்சனோடு தொடர்புடைய ஒரு மாற்றம் அந்த வருஷம்தான் வெளியே தெரிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் விட்டுப்போன மரபணுவில் என்ன இருக்கிறது என்பதையும் யாராவது பார்த்தால்தானே தெரியும்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ரத்தம் நாட்டை விட்டுப் போவதற்கு, 2018இல் அரசிதழில் வந்த மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா. பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தானா, எந்த எண் யாருடையது என்ற பட்டியல் யாரிடம் (தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக அமலில் உள்ளது). பிற்காலத்தில் வேறு நோய்க்கும் பயன்படுத்துவார்களா. அந்தக் கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. முடிவை உங்களுக்குச் சொல்வார்களா. சொல்வார்கள் என்றால் பிள்ளைகளோடு முதலில் பேசிவிடுங்கள், அது அவர்கள் ரத்தமும்தான்.

நடுவில் விலகலாமா? (பெயர் வேண்டாம், டர்பன்)

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே. ஆனால் வராமல் நின்றுவிடாதீர்கள். ஒரு போன் செய்து, மருந்தை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று கேட்டு, கடைசிப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு மட்டும் போய்வாருங்கள். மிச்ச மாத்திரைகளையும் காலி டப்பாக்களையும் திருப்பிக் கொண்டுபோங்கள். எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.